ஹெடர் மாட்டியாச்சு, இனி ட்யூனிங்: பழைய இன்ஜினுக்கு ஐந்து வழிகள்

"சத்தம் அருமையா இருக்கு. ஆனா கீழ் கியர்ல இழுவை போச்சு, ஆக்ஸலரேட்டரை விட்டா சைலன்சர்ல படபடன்னு வெடிக்குது. ஜெட் மாத்தணுமா, டைனோவுக்குப் போகணுமா, இல்ல கார்புரேட்டரையே கழட்டிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டுடலாமா?" பழைய வண்டியில் ஹெடர், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்கும் தனிக் குழாய் கொண்ட எக்ஸாஸ்ட், மாட்டியவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான். (ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையிட்ட சிறு திருகு, டைனோ என்பது வண்டியை நிறுத்திவைத்து ஓடவிட்டு இன்ஜினின் சக்தியை அளக்கும் இயந்திரம்.) பதில் சொல்ல ஆள் நிறைய உண்டு. ஒவ்வொரு பதிலும் யாரோ ஒருவருடைய வண்டிக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பதுதான் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் பணமும் நேரமும் முதலில் அளப்பதற்குப் போகட்டும், அப்புறம் மாற்றுவதற்கு. ட்யூனிங் கெட்டுப்போன வண்டிகளில் நான் பார்த்த பொதுவான தவறு, அளக்காமல் திருகியதுதான்.

ஹெடர் உள்ளே என்ன செய்கிறது

பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் எல்லா சிலிண்டர்களின் புகையும் ஒரு குறுகலான பாதைக்குள் முட்டிமோதி வெளியேறும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். எல்லாம் கலெக்டர் என்னும் ஒரே குழாயில் வந்து சேரும். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடி கலெக்டரை அடையும்போது, அழுத்தம் குறைந்த அலை ஒன்று குழாய் வழியே திரும்பி வரும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி வெளியே எடுக்கும், புதுக் கலவையையும் உள்ளே இழுக்கும்.

ஆனால் எல்லா வேகத்திலும் அலை சரியான நேரத்துக்கு வராது. எந்த ஆர்பிஎம்மில் பலன் கிடைக்கும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் முடிவு செய்கின்றன. அதனால் ஹெடர் இன்ஜினின் மூச்சை ஒரே சீராகக் கூட்டுவதில்லை. ஓரிடத்தில் கூட்டும், ஓரிடத்தில் அப்படியே விடும், சில இடத்தில் குறைக்கவும் செய்யும். சின்ன இன்ஜினில் விட்டம் பெரிய குழாயை மாட்டினால் கீழ் ஆர்பிஎம்மில் புகையின் வேகம் குறைந்து இழுவை போய்விடும். அப்படிப் போன இழுவையை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. இது தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

காற்று கூடினால் கார்புரேட்டரும் பெட்ரோலைக் கூட்டத்தான் செய்யும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வெஞ்சுரியில் உறிஞ்சல் கூடும், பெட்ரோலும் கூட வரும். ஆனால் எல்லா இடத்திலும் அதே விகிதத்தில் கூட்டாது. மாசுக் கட்டுப்பாட்டுக்காகத் தொழிற்சாலையிலேயே பெட்ரோல் குறைவான கலவையில், அதாவது லீனாக, அமைத்து அனுப்பிய இன்ஜின்கள் 1970களிலிருந்து நிறைய உண்டு. அவற்றில் மிச்சமிருக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ஹெடர் வந்தால் எல்லையைத் தாண்டிவிடும்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, நீங்கள் வண்டியை எந்தப் பகுதியில் ஓட்டுகிறீர்கள். தினசரி ஓட்டத்தில் முக்கால்வாசி நேரம் கால் லேசாகத்தான் அழுத்தியிருக்கும். முழு ஆக்ஸலரேட்டரில் கிடைக்கும் உச்ச சக்திக்காக மட்டும் ட்யூன் செய்தால் மீதி நேரமெல்லாம் தவிப்பீர்கள். இரண்டாவது, இன்ஜினின் பாதுகாப்பு. முழு சுமையில் லீனாக ஓடினால் சூடும் நாக்கிங்கும் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) சேர்ந்து பிஸ்டனைக் கெடுக்கும். ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடிய கலவையில், ஓடினால் கரி படியும், பெட்ரோல் வீணாகும், கழுவிப்போகும் எண்ணெயால் சிலிண்டர் தேயும். இரண்டும் நஷ்டம்தான் என்றாலும் முதலாவது ஒரே நாளில் நடந்துவிடும்.

மூன்றாவது, பிடிக்கவில்லை என்றால் பழையபடி திரும்ப முடியுமா. நான்காவதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்: இனி வேறு என்ன மாற்றப்போகிறீர்கள்? அடுத்த வருடம் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றும் எண்ணம் இருந்தால், இன்று நுணுக்கமாகச் செய்யும் ட்யூனிங் அன்று பயன்படாது.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்

கசிவைப் பாருங்கள். ஹெடரைச் சிலிண்டர் ஹெட்டோடு இணைக்கும் தட்டு (ஃபிளாஞ்ச்) மெல்லியதாக இருந்தால் சூட்டில் வளையும். புது கேஸ்கெட் இரண்டு மூன்று முறை சூடாகி ஆறியதும் அமுங்கும், போல்ட் தளரும். மாட்டி ஓட்டிய பிறகு நன்றாக ஆறவிட்டு மறுபடி இறுக்காதவர்களுக்குக் கசிவு நிச்சயம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் அந்தச் சத்தம் மறைந்தால் அது பெரும்பாலும் கேஸ்கெட்தான். உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது வேக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் வைத்து ஊதவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் நுரை பொங்கும்.

அடுத்து சோக், குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துக் கலவையை ரிச்சாக்கும் தகடு. பல பழைய இன்ஜின்களில் தானியங்கி சோக் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. மேனிஃபோல்டு போனால் அந்தச் சூடும் போச்சு, சோக் திறக்காமல் ரிச்சாகவே ஓடும். கார்புரேட்டருக்கு அடியில் எக்ஸாஸ்ட் சூடு படும்படி அமைத்த இன்லைன் இன்ஜின்களிலும் இதே கதைதான். இன்டேக் சூடாகாததால் பெட்ரோல் சுவரில் படிந்து, குளிர்ந்த வண்டி தடுமாறும். ஜெட் பிழை என்று நினைத்து ஜெட்டை மாற்றுவார்கள். வேண்டியதோ எலக்ட்ரிக் சோக், அல்லது இன்டேக்குக்கு வெந்நீர்ச் சூடு.

கடைசியாக டைமிங், அதாவது பிளக் எப்போது பொறி விடுகிறது என்பது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பு என்பதுதான் அட்வான்ஸ். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டில் அடிப்படை அட்வான்ஸையும், ஆர்பிஎம்மை ஏற்றி மொத்த அட்வான்ஸையும் பாருங்கள். பழைய இரண்டு வால்வு இன்ஜின்கள் பலவற்றில் மொத்தம் 32 முதல் 36 டிகிரிக்குள் அமையும், ஆனாலும் உங்கள் கையேடு சொல்லும் எண்தான் தொடக்கம். ஹெடர் மிச்சப் புகையை நன்றாக வெளியேற்றினால் கலவை முன்னைவிட வேகமாக எரியும். அதனால் "ஹெடர் போட்டா டைமிங்கை ஏத்தணும்" என்பதை அப்படியே நம்ப வேண்டாம், சில இன்ஜின்கள் ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே கேட்கும்.

இவை மூன்றும் சரியான பிறகும் பிரச்சினை இருந்தால்தான் கீழே உள்ள வழிகளுக்கு அர்த்தம்.

முதல் வழி: ஜெட்டைத் தொடாமல் விடுவது

இதை ஒரு தெரிவாகவே யாரும் மதிப்பதில்லை. ஆனால் முன்பே கொஞ்சம் ரிச்சாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் ஹெடர் மாட்டினால், கலவை சரியான இடத்துக்குத் தானாகவே வந்து நிற்கும். இன்ஜின் மற்றபடி ஒரிஜினல், ஓட்டமும் மிதமானது, கரகரப்போ நாக்கிங்கோ இல்லை என்றால் தொடாமல் இருப்பதில் தவறில்லை.

மறைந்த செலவு என்னவென்றால், சரியாக இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. முழு சுமையில் லீனாக ஓடும் இன்ஜின் பல சமயம் நன்றாகவே இழுப்பது போல் இருக்கும், எச்சரிக்காது. நீண்ட மேட்டுப் பாதை, பாரம் ஏற்றிய ஓட்டம், நெடுஞ்சாலையில் தொடர் வேகம் இவையெல்லாம் உங்கள் வழக்கம் என்றால், ஒரு முறையாவது அளந்து பார்க்காமல் விடாதீர்கள்.

இரண்டாம் வழி: பிளக்கும் வேக்குவம் கேஜும் காதும்

பழைய மெக்கானிக்குகளின் வழி. ஐடிலிங்குக்கு இதைவிட எளிதான முறை இன்றும் இல்லை. நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் இன்ஜின் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வேக்குவம் காட்டும். மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, முள் உச்சிக்குப் போய் நடுங்காமல் நிற்கும் இடத்தைப் பிடித்தால் ஐடிலிங் முடிந்தது.

எஸ்யூ கார்புரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. பக்கத்தில் உள்ள பின்னை அழுத்தி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் ரிச், உடனே விழுந்து அணையப் பார்த்தால் லீன், லேசாக ஏறிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஆனால் இது சொல்வது ஐடிலிங்கை மட்டும்தான். மேலே போகப்போகக் கலவையைத் தீர்மானிப்பது அந்தப் பிஸ்டனோடு ஏறி இறங்கும் ஊசியின் (நீடில்) வடிவம்.

பிளக் பார்ப்பதில்தான் ஆள் ஏமாறுவது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிளக்கின் நிறம் தெளிவாகப் பேசியது. இன்றைய ஈயமற்ற, எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்த நிறம் மங்கலாகத்தான் வருகிறது. வீட்டுக்கு ஓட்டி வந்து, கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் விட்டுக் கழற்றிய பிளக் முழு ஆக்ஸலரேட்டரைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. புது பிளக் போட்டு, பாதுகாப்பான இடத்தில் முழு சுமையில் ஓட்டி, அந்த வேகத்திலேயே கிளட்ச்சை மிதித்து இன்ஜினை அணைத்து, அங்கேயே கழற்றிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். இதைப் பொதுச் சாலையில் செய்யக்கூடாது. அப்படி ஒரு இடம் நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இருந்தாலும் பிளக்கை ஒதுக்க மாட்டேன். நான்கு பிளக்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், அது அந்தச் சிலிண்டரின் கதை. அடுத்து சொல்லப்போகும் கருவிக்கு அந்தக் கதை தெரியாது.

மூன்றாம் வழி: வைட்பேண்ட் மீட்டரும் ஒரு டப்பா ஜெட்டும்

புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை அளந்து, கலவை விகிதத்தை எண்ணாகக் காட்டும் கருவி இது. பழைய நாரோபேண்ட் சென்சார் 14.7-க்கு (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று) மேலா கீழா என்று மட்டுமே சொல்லும். வைட்பேண்ட் எவ்வளவு என்றும் சொல்லும். பெரும்பாலான பழைய இன்ஜின்களுக்கு முழு சுமையில் 12.5 முதல் 13, சீரான ஓட்டத்தில் 14 முதல் 15, ஐடிலிங்கில் 13.5 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் குழம்ப வேண்டாம். மீட்டர் உண்மையில் அளப்பது லாம்டாவை, அதாவது கலவை முழுதாக எரியத் தேவையான விகிதத்தோடு ஒப்பிட்ட அளவை, அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. திரையில் தெரியும் இலக்கு எண் மாறாது.

இதன் பெரிய பலம், நீங்கள் ஓட்டும் பகுதியிலேயே அளக்கிறது என்பது. வெபர் டிசிஓஇ போன்ற கார்புரேட்டரில் அன்றாட ஓட்டத்தின் பெரும்பகுதி ஐடில் ஜெட்டிலும் புரோக்ரெஷன் துளைகளிலுமே (ஆக்ஸலரேட்டர் லேசாகத் திறக்கும்போது பெட்ரோல் வரும் சிறு துளைகள்) நடக்கும். மெயின் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், தப்பான ஜெட்டைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். 130 என்று போட்ட மெயின் ஜெட்டின் துளை 1.30 மி.மீ. அதை 135 ஆக்கினால் விட்டம் 4 சதவீதம்கூடக் கூடவில்லை என்று தோன்றும், ஆனால் துளையின் பரப்பு கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடிவிடுகிறது. எனவே ஒரு படி, ஓர் ஓட்டம், ஒரு குறிப்பு. மேல் ஆர்பிஎம்மில் மட்டும் லீன் என்றால் மெயினை விட்டுவிட்டு ஏர் கரெக்டரை (மெயின் ஜெட்டின் பெட்ரோலில் காற்றைக் கலக்கும் ஜெட்) சிறியதாக்குங்கள்.

இனி இதன் மறைந்த செலவுகள். சென்சார் மாட்ட ஒரு நட்டைக் குழாயில் வெல்டிங் செய்ய வேண்டும், அதுவும் எல்லாக் குழாய்களும் சேர்ந்த பிறகு, குழாயின் மேல் பாதியில். கீழே வைத்தால் காலையில் தேங்கும் தண்ணீர் சென்சாரை உடைத்துவிடும். மின்சாரம் இல்லாமல் சென்சாரைப் புகையில் விட்டாலும் கெட்டுப்போகும்.

அதைவிட முக்கியமானது, சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனைத்தான், பெட்ரோலை அல்ல. இதை நான் கற்றுக்கொண்ட விதம் வலித்தது. ஹெடர் மாட்டி ஒரு வாரம் இருக்கும், ஐடிலிங்கில் மீட்டர் 16-க்கு மேல் காட்டியது. ஐடில் ஜெட்டை ஒரு படி ஏற்றினேன், அசையவில்லை. இன்னொரு படி ஏற்றினேன். மீட்டர் அப்போதும் லீன் என்றது, ஆனால் கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாடை, கண் எரிந்தது. பிளக்கைக் கழற்றினால் நான்கும் விரலில் ஒட்டும் கரி. அப்புறம்தான் ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியைச் சிலிண்டர் ஹெட் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன். மூன்றாவது போர்ட்டில் பூனை தும்முவது போல ஒரு சத்தம். போல்ட் அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. இறுக்கியதும் அதே ஜெட்டில் மீட்டர் 11.5-க்கு இறங்கியது. புகை அலையின் இடைவெளியில் வெளிக்காற்றைக் குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அதற்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸிங்கும் இதே பொய்யைச் சொல்லும். எரியாத சிலிண்டர் தன் ஆக்ஸிஜனை அப்படியே வெளியே தள்ளும், மீட்டர் லீன் என்று படிக்கும். கூடவே, கலெக்டருக்குப் பின்னால் உள்ள சென்சாருக்குத் தெரிவது சராசரி மட்டுமே. ஒரு சிலிண்டர் லீன், மற்றது ரிச் என்றால் எண் அழகாக இருக்கும். அதனால்தான் மேலே பிளக்கை ஒதுக்க மாட்டேன் என்றேன்.

நான்காம் வழி: டைனோ

இன்ஜினில் ஹெடரோடு கேம், ஹெட் வேலை, கம்ப்ரெஷன் என்று பலதும் மாறியிருந்தால் நேராக இங்கே போங்கள். முழு சுமையைச் சாலையில் பாதுகாப்பாகச் சோதிக்க முடியாது, டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக மாற்றி இழுவை எங்கே நிற்கிறது என்றும் பார்க்க முடியாது. இரண்டையும் டைனோ ஒரே நாளில் முடித்துத் தரும்.

போகும் முன் ஒன்று கேளுங்கள்: அது சுமையைப் பிடித்து நிறுத்தும் வகையா, வெறும் உருளையைச் சுழற்றும் வகையா? இரண்டாவதில் முழு ஆக்ஸலரேட்டர் ஓட்டம் நன்றாகத் தெரியும். 2500 ஆர்பிஎம்மில் லேசான சுமையில் நிறுத்திவைத்துக் கலவையைத் திருத்த முதல் வகைதான் உதவும். இன்னொன்று, உங்கள் கார்புரேட்டரை அறிந்த கை அங்கே இருக்கிறதா என்பது. லேப்டாப்பில் மேப் எழுதுவதில் கெட்டிக்காரர் கார்புரேட்டருக்குள் பெட்ரோலில் காற்றைக் கலக்கும் எமல்ஷன் டியூபைத் தொட்டதே இல்லாமல் இருக்கலாம்.

ஜெட்டுகளை நீங்களே வாங்கிக் கொண்டுபோக வேண்டும், தேவையான அளவு இல்லை என்றால் அந்த நேரம் முழுக்க வீண். பழைய ரேடியேட்டர், வழுக்கும் கிளட்ச், களைத்த பெட்ரோல் பம்ப், வெடிப்பு விழுந்த டயர் எல்லாம் அங்கேதான் தங்களைக் காட்டிக்கொள்ளும். குளிர்ந்த ஸ்டார்ட்டிங், சூட்டில் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்வது, வளைவில் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் சாய்வது ஆகியவற்றை டைனோ சோதிக்காது. ஒரு டைனோவின் குதிரைத்திறனை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

ஐந்தாம் வழி: கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன்

கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பெட்ரோலைத் தெளிக்கும் த்ராட்டில் பாடி, தானே கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர். மலைக்கும் சமவெளிக்கும் அடிக்கடி போய்வருபவர், குளிர்ப் பகுதியில் தினமும் ஓட்டுபவர் இவர்களுக்கு இது நிஜமான விடுதலை. உயரத்தில் காற்று மெலிந்தால் கார்புரேட்டர் ரிச்சாகும், இது தானே திருத்திக்கொள்ளும்.

ஆனால் ஹெடருக்காக மட்டும் இதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்ரோல் அழுத்தம் 3 முதல் 4 பார் வேண்டும், அதனால் புது பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய்கள், பெரும்பாலும் டேங்குக்குத் திரும்பும் லைன். பழைய டேங்கின் துரு புது ஃபில்டரை அடைக்கும். வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருக்க டேங்கில் தடுப்பு வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ வைத்த வண்டி என்றால் சார்ஜிங்கே போதாது. இக்னிஷன் வயரின் மின் இரைச்சல் சிக்னலைக் குழப்பும். இத்தனைக்கும் பிறகு அது கற்றுக்கொள்வது ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத்தான். மூன்றாவது போர்ட்டில் கசிவு இருந்தால் நான் ஏமாந்தது போலவே கம்ப்யூட்டரும் ஏமாறும், என்னைவிட வேகமாகப் பெட்ரோலை ஊற்றும்.

ஏற்கெனவே இன்ஜெக்‌ஷன் உள்ள பழைய வண்டி என்றால்

காற்றை நேரடியாக அளக்கும் வகையா என்று பாருங்கள். பாஷ் எல்-ஜெட்ரானிக் போல ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ளது என்றால், கூடும் காற்றை அது பார்த்துவிடும், ஓரளவு சமாளிக்கும். டி-ஜெட்ரானிக் போல மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வகைக்கு இன்ஜின் நன்றாக மூச்சுவிடுவது தெரியாது, லீனாகும். அதற்கு ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டரைக் கூட்டுவது ஒரு வழி, ஆனால் முரட்டு வழி: 2.5 பாரிலிருந்து 3 பாருக்கு ஏற்றினால் எல்லா இடத்திலும் சுமார் 9.5 சதவீதம் கூடும், தேவையில்லாத இடத்திலும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டியில் சீரான ஓட்டத்தைக் கம்ப்யூட்டரே திருத்தும், முழு ஆக்ஸலரேட்டரில் பெரும்பாலும் திருத்தாது. சென்சாரைக் கலெக்டருக்குத் தள்ளி வைத்தால் போதிய சூடு கிடைக்காது, ஹீட்டர் உள்ள சென்சாராக மாற்றுங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | எப்போது சிறந்தது | மறைந்த செலவு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|
| தொடாமல் விடுவது | ஒரிஜினல் இன்ஜின், மிதமான ஓட்டம் | முழு சுமையில் லீனா என்று தெரியாது | தேவையே இல்லை |
| பிளக், வேக்குவம் கேஜ் | ஐடிலிங், எஸ்யூ வகை, சிலிண்டர் வாரியாகப் பார்க்க | முழு சுமைச் சோதனைக்கு இடம் | எளிது |
| வைட்பேண்ட், ஜெட் | அன்றாட ஓட்டம், படிப்படியாக மாற்றுபவர் | வெல்டிங், கசிவால் வரும் பொய் எண் | எளிது |
| டைனோ | கேம், ஹெட் வேலையும் சேர்ந்த இன்ஜின் | முன் பழுதுபார்ப்பு, ஜெட்டுகள், சரியான கை | எளிது |
| இன்ஜெக்‌ஷன் | உயர வேறுபாடு, குளிர், தினசரி ஓட்டம் | டேங்க், பம்ப், வயரிங், சார்ஜிங் | கடினம் |

யாருக்கு எது

ஹெடர் மட்டும் மாறிய கார்புரேட்டர் வண்டி என்றால் தயங்காமல் மூன்றாம் வழியைச் சொல்வேன், பக்கத்துணைக்குப் பிளக்கும் வேக்குவம் கேஜும். இரண்டு மூன்று வார இறுதிகள் போகும், ஆனால் அந்த மீட்டர் அதற்குப் பிறகும் வண்டியிலேயே இருந்து, கேஸ்கெட் கசிவதையும் ஃப்ளோட் மட்டம் மாறுவதையும் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். கேம் மாற்றும் திட்டம் இருந்தால் இப்போது பாதுகாப்பான அளவுக்கு மட்டும் ஜெட் போட்டு ஓட்டுங்கள், டைனோவை அந்த வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டி என்றால் ரிச்சாக ஓட்டவே கூடாது, எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பல நாடுகளில் அதை அகற்றுவதற்குச் சட்டத்தில் தடையும் உண்டு.

ஹெடர் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சென்சார் நட்டை இப்போதே, செராமிக் கோட்டிங்குக்கு முன்பே, வெல்டிங் செய்துவிடுங்கள். இன்னொரு நட்டைப் பழைய மேனிஃபோல்டுக்குப் பின்னால் உள்ள பைப்பில் வைத்து, ஹெடர் மாட்டும் முன் ஐடிலிங், சீரான ஓட்டம், மேட்டில் இழுவை மூன்றிலும் எண்களைக் குறித்து வையுங்கள். பழைய மேனிஃபோல்டைக் கழற்றியதும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள், எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.